எதைச் செய்வது, எதை விடுவது: தொடக்க வகுப்புத் துணைக்கருவிகள் பற்றி ஒரு விரிவான பதில்

ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளைக் கையாளும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார்: விடுமுறை நாள்களில் அட்டை வெட்டி, வண்ணம் தீட்டி, துணைக்கருவிகள் செய்து வகுப்புக்குக் கொண்டுபோகிறேன், பிள்ளைகள் ஆர்வமாகப் பார்க்கிறார்கள், ஆனால் சில வாரங்கள் கழித்துச் சோதித்தால் வாசிப்பிலும் கணக்கிலும் பெரிய முன்னேற்றம் தெரிவதில்லை, எதைச் செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம்?

நிறைய விட்டுவிடலாம் என்பதுதான் என் கருத்து. செய்யும் கருவிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, செய்த சிலவற்றை ஆண்டு முழுவதும் பிள்ளைகளின் கையில் புழங்கவிடுவதே பலன் தரும். எந்தக் கருவியைச் செய்வதற்கு முன்பும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் கை இதில் என்ன வேலை செய்யப் போகிறது? பிள்ளை தவறாகச் செய்தால் அந்தத் தவறு கருவியிலேயே வெளிப்படுமா? ஒன்று முதல் நூறு வரை பூ வேலைப்பாட்டுடன் எழுதிய விளக்க அட்டை இரண்டு கேள்விகளிலும் தோற்றுவிடும். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள், பார்க்க எவ்வளவு எளிமையாக இருந்தாலும், இரண்டிலும் தேறிவிடும்.

குச்சிக் கட்டிலிருந்தே தொடங்குகிறேன். தொடக்க வகுப்புக் கணக்கில் இடமதிப்பைப் போல அடித்தளமானதும், அதைப் போல அவசரமாகக் கடந்து செல்லப்படுவதும் வேறொன்று இல்லை. 52 – 27 என்று எழுதிக் கொடுத்தால் 35 என்று விடை எழுதும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் சிலர் இருப்பார்கள். இது கவனக்குறைவு அன்று. 2-இலிருந்து 7 போகாது, ஆகவே 7-இலிருந்து 2-ஐக் கழித்துக்கொள்ளலாம் என்று அந்தப் பிள்ளை தனக்கென ஒரு விதியை வகுத்துக்கொண்டு, அதை ஒவ்வொரு கணக்கிலும் ஒழுங்காகப் பின்பற்றுகிறது. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் ஆகிய இருவரும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு, கழித்தலில் வரும் பிழைகள் பலவும் இப்படிப்பட்ட தவறான விதிகளிலிருந்து பிறப்பவையே என்று விளக்கியது. விதியே தவறாக இருக்கும்போது அதே வகைக் கணக்கை இன்னும் இருபது முறை போடச் சொன்னால், தவறான விதிதான் மேலும் உறுதிப்படும்.

இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு தொகுப்பு என்று, ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து பத்துக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் கொடுங்கள். “உன்னிடம் எத்தனை இருக்கிறது?” என்று கேட்டு 52 என்று சொல்ல வைத்த பிறகு, “எனக்கு 27 வேண்டும், எடுத்துக் கொடு” என்று கேளுங்கள். பிள்ளை இரண்டு கட்டுகளை எளிதாகக் கொடுத்துவிடும். அடுத்து ஏழு உதிரிகளைத் தேடும்போது கையில் இரண்டுதான் இருக்கும். அந்த இடத்தில் ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. சிறிது நேரம் விழித்துவிட்டு, பெரும்பாலும் ஏதேனும் ஒரு பிள்ளை ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி, “இப்போது உன்னிடம் இருக்கும் குச்சிகள் கூடிவிட்டனவா, குறைந்துவிட்டனவா?” என்பது. மூன்று கட்டும் இரண்டு உதிரியுமாக இருந்த 32, இப்போது இரண்டு கட்டும் பன்னிரண்டு உதிரியுமாக இருக்கிறது. ஆனாலும் அது அதே 32தான் என்பதைப் பிள்ளை தன் வாயால் சொல்வதில்தான் அந்தப் பாடத்தின் உயிர் இருக்கிறது. கவனித்திருப்பீர்கள், பிள்ளை பத்துகளிலிருந்து தொடங்கியது; எழுத்துக் கணக்கிலோ நாம் ஒன்றுகளிலிருந்து தொடங்கச் சொல்கிறோம். இரண்டு வழியிலும் 25தான் மிஞ்சும் என்று குச்சிகளை வைத்தே காட்டிவிட்டு, எழுதும்போது வலப்பக்கத்திலிருந்து தொடங்கினால் அழித்து எழுத வேண்டியிருக்காது என்ற காரணத்தையும் சொல்லிவிடுங்கள்.

குச்சிகளை வைத்துச் செய்வதும் நோட்டில் எழுதுவதும் தனித்தனி நாள்களில் நடந்தால் இரண்டும் பிள்ளையின் மனத்தில் ஒட்டாமலே போய்விடும். ஒரு பிள்ளை குச்சிகளை நகர்த்த, பக்கத்துப் பிள்ளை ஒவ்வொரு நகர்த்தலையும் உடனுக்குடன் எண்ணால் எழுத வேண்டும். அடுத்த கணக்கில் இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். இது பழகிய பிறகு குச்சிகளுக்குப் பதிலாகப் பத்துக்கு ஒரு கோடு, ஒன்றுக்கு ஒரு புள்ளி என்று வரையச் சொல்லுங்கள். அதற்குப் பின்னரே எண்கள் மட்டும். செயல், படம், குறியீடு என்ற இந்த மூன்று நிலைகளை உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களிலேயே வகுத்துக் காட்டியிருக்கிறார். பெயர் தெரியாமலே அனுபவமுள்ள ஆசிரியர்கள் பலர் இதைச் செய்துவருகிறார்கள். குச்சிகளை எப்போது எடுத்துவிடலாம் என்ற கேள்வி எழும். குச்சியைத் தொடும் முன்பே “ஒரு கட்டைப் பிரிக்க வேண்டியிருக்கும்” என்று பிள்ளை முன்கூட்டியே சொல்லத் தொடங்கினால் எடுத்துவிடலாம். அது ஒரு பிள்ளைக்கு ஒரு வாரத்திலும் இன்னொரு பிள்ளைக்கு இரண்டு மாதத்திலும் நிகழும்.

மாண்டிசோரியின் மணிகள், ஒன்று, பத்து, நூறு என்ற அளவுகளில் வரும் பத்தடிமானக் கட்டைகள், 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்து நிறங்களில் வரும் குசினேர் கோல்கள் போன்றவை உங்கள் பள்ளியில் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒரு வேறுபாட்டை நினைவில் வையுங்கள். குச்சிக் கட்டைப் பிரிக்க முடியும். பத்தடிமானக் கட்டையைப் பிரிக்க முடியாது, ஒரு பத்தைக் கொடுத்துவிட்டுப் பத்து ஒன்றுகளை மாற்றி வாங்க வேண்டும். மாற்றிக்கொள்வது என்பது பிரிப்பதைவிட ஒரு படி கடினமான கருத்து. ஆகவே முதலில் குச்சி, பிறகு கட்டை என்ற வரிசை நல்லது.

“இருநூற்று ஐந்து” என்று சொன்னால் 2005 என்று எழுதும் பிள்ளைக்கு வேறொரு கருவி வேண்டும். காதில் விழுந்த 200-ஐ எழுதி, அதன் பக்கத்தில் 5-ஐ எழுதியிருக்கிறது. அதன் கோணத்தில் அது நியாயம்தான். இதற்கு ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் இடமதிப்பு அட்டைகள் உதவும். ஓர் இலக்கத்துக்கு 4 செ.மீ. அகலம் என்று வைத்தால், 1 முதல் 9 வரையிலான அட்டைகள் 4 செ.மீ., 10 முதல் 90 வரையிலானவை 8 செ.மீ., 100 முதல் 900 வரையிலானவை 12 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். ஒரு தொகுப்புக்கு மொத்தம் 27 அட்டைகள். 200 அட்டையின் மேல் 5 அட்டையை வலது விளிம்பு ஒட்டி வைத்தால் கடைசிப் பூச்சியம் மறைந்து 205 தெரியும்; தூக்கிப் பார்த்தால் பூச்சியம் அடியில் இருக்கும். சொல்வதெழுதுதலில் தொண்ணூறும் தொள்ளாயிரமும் தனிக் கவனம் கேட்கும். எண்பது வரை பெயரின் ஈற்றில் ‘பது’ ஒலிக்க, தொண்ணூற்றில் ‘நூறு’ ஒலிக்கிறது. தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ ஒலிக்கிறது. பிள்ளை தடுமாறுவதில் வியப்பில்லை. அந்த இரண்டு எண்களையும் கட்டுகளாலும் அட்டைகளாலும் கூடுதலாகச் சில நாள் பழக்கினால் போதும்.

கணக்கில் இன்னும் ஒரே ஒரு கருவியைச் சேர்ப்பேன்: எண்கோடு. தரையில் சுண்ணக்கட்டியால் கிழித்த கோடே போதும், ஆனால் எல்லா எண்களையும் குறித்துவிடாதீர்கள். 0, 100 என்ற இரு முனைகளை மட்டும் குறித்துவிட்டு, “40 எங்கே நிற்கும்? போய் நில், ஏன் அங்கே நின்றாய் என்று சொல்” என்று கேட்டால் அளவுணர்வு வளரும். அதே வெற்றுக் கோட்டில் 27-இலிருந்து 30-க்கு மூன்று, 30-இலிருந்து 50-க்கு இருபது, 50-இலிருந்து 52-க்கு இரண்டு என்று தாவி 25-ஐ அடையும்போது, கழித்தல் என்பது இரண்டு எண்களுக்கு இடையேயுள்ள தொலைவும்தான் என்று பிள்ளைக்குப் புலப்படும். கூடவே, சமக் குறியைச் சோதித்துப் பாருங்கள்: 8 + 4 = ☐ + 5 என்று கரும்பலகையில் எழுதினால் மேல்வகுப்புப் பிள்ளைகள்கூட 12 அல்லது 17 என்று எழுதுவது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. சமக் குறியை “விடையை எழுது” என்ற கட்டளையாகவே அவர்கள் கண்டு பழகியிருக்கிறார்கள். முதல் வகுப்பிலிருந்தே 7 = 3 + 4 என்றும், 5 + 2 = 4 + 3 என்றும் மாற்றி மாற்றி எழுதிக் காட்டினால் இந்தச் சிக்கல் பெரிதும் குறையும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

வாசிப்புக்கு வருவோம். தமிழ் எழுத்துகள் 247 என்ற எண்ணிக்கை மலைப்பைத் தரும். ஆனால் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, இவற்றோடு உயிர்மெய்க் குறிகள் என்று பார்த்தால் பிள்ளை புதிதாகப் பழக வேண்டிய வடிவங்கள் மிகக் குறைவே. உகர, ஊகார வரிசைகள் மட்டும் விலக்கு: கு, சு, டு, ணு, மு என்று குறி எழுத்துக்கு எழுத்து மாறுவதால், அவற்றை விதியாகச் சொல்லிக்கொடுப்பதைவிடச் சொற்களில் பழக்குவதே எளிது. அகரவரிசை முழுவதையும் மனப்பாடம் செய்து முடித்த பிறகுதான் சொற்கள் என்று காத்திருக்கவும் வேண்டாம். ப, ட, ம, ர என்ற நான்கு எழுத்துகளும் புள்ளியும் துணைக்காலும் தெரிந்தாலே படம், பாடம், மாடம், மடம், மரம் என்று ஒரு சங்கிலி கிடைக்கிறது. இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் ஒரே ஒரு மாற்றம்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பிள்ளையின் மேசையில் எழுத்தட்டைகளும், துணைக்கால் மட்டும் எழுதிய தனி அட்டையும் இருக்க, ஆசிரியர் அடுத்த சொல்லை ஒலிக்கிறார். எந்த அட்டையை மாற்றுவது அல்லது சேர்ப்பது என்று பிள்ளை முடிவுசெய்கிறது. மின்னட்டையை (ஃபிளாஷ் கார்டை) தூக்கிக் காட்டி வகுப்பே ஒரே குரலில் கத்துவதைவிட இந்த ஐந்து நிமிட வேலை மேலானது. கூட்டுக் குரலில் வாசிக்கத் தெரியாத பிள்ளை எளிதாக ஒளிந்துகொள்ளும், தன் மேசையில் ஒளிய இடமில்லை.

ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும்போது வேகத்தைக் குறையுங்கள். ‘கெ’ என்பதில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, காதில் முதலில் விழுவது ககர ஒலி. ‘கொ’ என்பதில் குறி எழுத்தின் இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொரு வடிவமாக ஒலிக்கப் பழகிய பிள்ளை இங்கே திணறும். க அட்டையை நடுவில் வைத்து, கொம்பு அட்டையை இடப்பக்கம் கொண்டுவந்து சேர்த்து, அதன் பிறகே ஒலிக்கச் சொல்லுங்கள். அதேபோல கல், பகல், பங்கு என்ற மூன்று சொற்களிலும் ககரம் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை; தனி எழுத்தாகவே ஒலித்துப் பழகினால் சொல்லில் வரும்போது பிள்ளைக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். எழுத்தை எப்போதும் சொல்லோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே முதன்மையான காரணம். பல்லி, பள்ளி, மனம், மணம், மரம், மறம் போன்ற இணைகளில் எழுத்துப் பிழைகளைத் திருத்துவதற்கு முன், அந்த வேறுபாடு பிள்ளையின் காதில் விழுகிறதா என்று பாருங்கள். நீங்கள் ஒரு சொல்லைச் சொல்ல, பிள்ளைகள் இடக்கையையோ வலக்கையையோ தூக்கிக் காட்டட்டும். எழுதுவது அதற்குப் பிறகு.

வாசிப்புக்கான மிகச் சிறந்த பனுவல் செலவில்லாமல் கிடைக்கிறது, அது பிள்ளைகளின் பேச்சு. வகுப்பில் நடந்த ஒரு சிறு நிகழ்வைப் பற்றி அவர்கள் சொல்லும் நான்கைந்து வாக்கியங்களைப் பெரிய தாளில் எழுதுங்கள். “நாங்கள் விதை நட்டோம். ஒரு விதை முளைத்தது. கமலாவின் விதை முளைக்கவில்லை. அவள் தினமும் தோண்டிப் பார்த்தாள்” என்ற அளவில் இருந்தால் போதும். அன்று சேர்ந்து வாசிக்கலாம். மறுநாள் அதே தாளைச் சொல்லுக்குச் சொல் விரல் வைத்து வாசிக்கலாம். மூன்றாம் நாள் வாக்கியங்களைக் கீற்றுகளாக வெட்டிக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தச் சொல்லலாம். அடுத்து ஒரு வாக்கியத்தைச் சொற்களாக வெட்டி அடுக்கச் சொல்லலாம். தான் சொன்ன வாக்கியம் என்பதால் பொருள் முன்பே தெரியும். அதனால் பிள்ளையின் முழுக் கவனமும் எழுத்தின்மேல் செல்லும். இதோடு, ஆசிரியர் நாள்தோறும் பத்து நிமிடம் ஒரு கதையை உரக்க வாசித்துக் காட்டுவதை எந்த நெருக்கடியிலும் கைவிடாதீர்கள். பேச்சுவழக்கில் வராத சொற்களும் வாக்கிய அமைப்பும் பிள்ளைகளின் காதில் விழுவதற்கு அதுவே முக்கியமான வழி.

இனி, எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான ஒரு கருவி: சிலேட்டு. இல்லாவிட்டால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறைக்குள் வெள்ளைத் தாளை வைத்து, அதன்மேல் அழிக்கக்கூடிய பேனாவால் எழுதலாம். கை தூக்கியவரைக் கேட்டால் ஒரு பிள்ளையின் விடை தெரியும். எல்லாரும் எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டினால் வகுப்பு முழுவதன் நிலையும் ஒரே பார்வையில் தெரியும். இதன் பயன் நீங்கள் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. “புரிந்ததா?” என்று கேட்டால் எந்தச் சிலேட்டும் உதவாது. ‘305-க்கு முந்தைய எண்’ என்று கேளுங்கள். 304 என்று எழுதியவர், 306 என்று எழுதியவர், 295 என்று எழுதியவர் மூவரும் மூன்று வெவ்வேறு இடங்களில் நிற்கிறார்கள் என்பது உடனே விளங்கும். கேள்வி கேட்டபின் காத்திருப்பதும் இதன் பகுதியே. அமெரிக்காவில் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்ததையும், அதை மூன்று நொடியாக நீட்டியபோது விடைகள் நீண்டதையும், பதில் பேசாமலிருந்த பிள்ளைகள் பேசத் தொடங்கியதையும் 1970-களில் பதிவுசெய்தார். மூன்று நொடி சொல்வதற்கு எளிது, நிற்பதற்குக் கடினம். மனத்துக்குள் மெதுவாக ஐந்து வரை எண்ணிக்கொள்ளுங்கள். “எழுதுங்கள், யாரும் இன்னும் காட்ட வேண்டாம்” என்று சொல்லிவிட்டால் முந்திரிக்கொட்டைகளும் அடங்குவார்கள்.

சில வாரங்கள் கழித்துச் சோதித்தால் முன்னேற்றம் தெரிவதில்லை என்ற குறைக்குக் காரணம் பெரும்பாலும் கருவியில் இருக்காது. திரும்ப நினைவுகூர வாய்ப்பு இல்லாததில் இருக்கும். கற்றவை நாள்பட எப்படித் தேய்கின்றன என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதினார். பனுவலைத் திரும்பப் படிப்பதைவிட, பாராமல் நினைவுகூர முயல்வது சில நாள் கழித்தும் நிலைத்து நிற்கிறது என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் காட்டினார்கள். சிறு பிள்ளைகளுக்கு இதைப் பொருத்தும்போது அளவு சிறிதாக இருக்கட்டும்: நாளின் முதல் ஐந்து நிமிடத்தில், நேற்றைய பாடத்திலிருந்து ஒன்று, சென்ற வாரத்திலிருந்து ஒன்று, சென்ற மாதத்திலிருந்து ஒன்று என மூன்றே கேள்விகள், சிலேட்டில். மதிப்பெண் வேண்டாம், பெயர் குறித்துக்கொள்ளவும் வேண்டாம்; மதிப்பெண் நுழைந்த அன்றே பிள்ளைகள் பக்கத்துச் சிலேட்டைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

ஒரே அறையில் பல நிலைகளில் பிள்ளைகள் இருப்பது உங்கள் சூழலில் இயல்பு. எல்லாப் பாடவேளையும் குழுவாகப் பிரித்து நடத்த முயன்றால் மூச்சு முட்டும். நாளுக்கு ஒரு பாடவேளை மட்டும், வகுப்பைப் பார்க்காமல், வாசிக்கும் நிலையைப் பார்த்துக் குழு பிரியுங்கள்: எழுத்து நிலை, சொல் நிலை, வாக்கிய நிலை. நீங்கள் அமர வேண்டியது எழுத்து நிலைக் குழுவோடு. மற்ற இரு குழுக்களுக்கும் ஆசிரியர் இல்லாமலே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய வேலை வேண்டும். முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையும் உள்ள அட்டைகள், இருவர் மாறி மாறி வாசிக்கும் பத்திகள் ஆகியவை இதற்குப் போதும். குழுக்களை மாதம் ஒரு முறையாவது கலைத்துப் பிரிக்காவிட்டால், அவை பிள்ளைகள்மேல் ஒட்டிய முத்திரையாகிவிடும்.

சுவர் அலங்காரத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2014-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அலங்காரம் மிகுந்த அறையில் அமர்ந்த மழலையர் வகுப்புப் பிள்ளைகளின் கவனம் அதிகம் சிதறியது. அலங்காரம் குறைந்த அறையில் அவர்கள் கூடுதலாகக் கற்றார்கள். ஓர் ஆய்வை வைத்து எல்லாச் சுவர்களையும் வெறுமையாக்கச் சொல்ல மாட்டேன். இந்த வாரம் பிள்ளைகள் எழுந்துபோய்ப் பார்த்துப் பயன்படுத்தும் தாள்கள் மட்டும் சுவரில் இருக்கட்டும், அவையும் அவர்களின் கண்மட்டத்தில். கைப்பேசியிலும் திரையிலும் காட்டும் காணொளிகளுக்கும் மேலே சொன்ன இரண்டு கேள்விகளே அளவுகோல். அச்சிட்ட பயிற்சித்தாள்களில் வண்ணம் தீட்டுவதற்கு ஆகும் நேரம் கணக்குக்கு ஆகும் நேரத்தைவிடக் கூடுதலாக இருந்தால், அது ஓவியப் பாடவேளைக்கு உரியது.

அடுத்த விடுமுறை நாளில் என்ன செய்யலாம் என்றால், பத்து இணைகளுக்குத் தேவையான குச்சிக் கட்டுகளையும் ஒரு தொகுப்பு எழுத்தட்டைகளையும் மட்டும் செய்யுங்கள். இடமதிப்பு அட்டைகளை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே அளந்து வெட்டட்டும், அளவைப் பாடமும் அதில் நடந்துவிடும். ஒவ்வொரு தொகுப்பையும் தனித்தனிப் பையில் போட்டு, உள்ளே என்னென்ன எத்தனை இருக்க வேண்டும் என்று பையின்மேல் எழுதிவையுங்கள். பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நிறுத்தி, அந்தந்த இணையே எண்ணிப் பையில் போட வேண்டும். குறைந்தால் தேடி எடுத்த பிறகே மணி. பத்துக் கட்டில் ஒன்பது குச்சிகள் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பும் அவர்களுடையதுதான்.